மாறியும் மதிப்பும்

அறுவடை முடிந்ததும் உழவர் நெல்லைக் குதிரில் கொட்டி வைப்பர். அடுக்களையில் மிளகும் சீரகமும் கடுகும் வெந்தயமும் அஞ்சறைப்பெட்டியில் தனித்தனி அறைகளில் இருக்கும். வணிகர் தம் வரவையும் செலவையும் பேரேட்டில் எழுதி வைப்பர். இவ்வாறு பொருளைச் சேமித்து வைத்தல் மக்கள் வாழ்வில் தொன்றுதொட்டு வரும் வழக்கமாகும். ஆயினும், வைத்த அளவில் கடமை முடிந்துவிடுவதில்லை. குதிரில் நெல் எவ்வளவு இருக்கிறது, அதில் அந்து விழுந்திருக்கிறதா என்று இடையிடையே பார்த்தல் வேண்டும். பேரேட்டில் எழுதிய தொகையும் கைப்பெட்டியில் உள்ள பணமும் ஒத்திருக்கின்றனவா என்று நாள்தோறும் சரிபார்த்தல் வேண்டும். வைத்தது வைத்தபடியே இருக்கும் என்று நம்பியிருப்பவன் ஒருநாள் ஏமாற்றம் அடைவான். வைத்தலும் பார்த்தலும் ஒரே ஏரில் பூட்டிய இரண்டு காளைகளைப் போன்றவை. ஒன்று நின்றுவிட்டால் மற்றொன்று ஏரை இழுக்காது.

கணினிக்கும் இவ்வுண்மை பொருந்தும். கணினி விரைந்து கணக்கிட வல்லது. ஆனால், நாம் எழுதும் நிரல் எதனைச் செய்யச் சொல்கிறதோ, அதனையே அது செய்யும். நாம் மனத்தில் கருதியதைச் செய்யாது. நாம் கருதியதும் நாம் சொன்னதும் வேறுபடும் இடத்தில்தான் பிழை பிறக்கின்றது. அவ்வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் வழி யாது? கணினி தன்னகத்தே சேமித்து வைத்துள்ள மதிப்புகளைத் திறந்து பார்ப்பதே அவ்வழி. அதனை எளிதில் கற்பதற்கு ஏற்ற களம் ஒன்றினைப் பற்றி இப்பாடத்தில் காண்போம்.

அக்களத்தின் பெயர் ஸ்கிராச் என்பதாகும். அமெரிக்க நாட்டின் கேம்பிரிட்ஜ் நகரில் உள்ள மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஊடக ஆய்வுக்கூடத்தில், பேராசிரியர் மிட்செல் ரெஸ்னிக் தலைமையில் இயங்கிய குழுவினர் இதனை உருவாக்கினர். 2007ஆம் ஆண்டில் இது பொதுமக்களுக்கு வெளியிடப்பெற்றது. 2013இல் இரண்டாம் பதிப்பும், 2019இல் மூன்றாம் பதிப்பும் வெளிவந்தன. சிறுவர்க்கென 1967இல் தோன்றிய லோகோ என்னும் கணினி மொழியின் வழியில் வந்த இதனை, எவரும் கட்டணம் இன்றிப் பயன்படுத்தலாம். ஏனைய கணினி மொழிகள் பலவற்றில் கட்டளைகளை எழுத்தெழுத்தாகத் தட்டச்சிடல் வேண்டும். ஓர் எழுத்தோ ஒரு புள்ளியோ பிழைத்தாலும் நிரல் இயங்காமற் போகலாம். ஸ்கிராச்சில் ஒவ்வொரு கட்டளையும் ஒரு வண்ணக் கட்டையாக அமைந்துள்ளது. குழந்தைகள் விளையாட்டுக் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி வீடு கட்டுவதுபோல, இக்கட்டைகளைப் பொருத்திப் பொருத்தி நிரலைக் கட்டலாம். அருகில் ஒரு சிறு மேடை உண்டு. நிரலின்படி ஆடும் உருவங்கள் அம்மேடையில் தோன்றும். பச்சைக் கொடியின்மீது சொடுக்கினால் ஆட்டம் தொடங்கும்.

இனி, மதிப்புகளைச் சேமிக்கும் முறையைக் காண்போம். விளையாட்டு ஒன்றை அமைக்கிறோம் என்று கொள்வோம். ஆடுபவர் பெற்ற புள்ளிகள் எத்தனை என்பதைக் கணினி நினைவிற் கொள்ள வேண்டும் அன்றோ? அதற்கென நினைவகத்தில் ஓர் இடம் ஒதுக்கி, அவ்விடத்திற்கு ஒரு பெயர் இடுகின்றோம். பெயரிட்ட இவ்விடமே ‘மாறி’ எனப்படும். அதனுள் இருக்கும் பொருள் ‘மதிப்பு’ எனப்படும். பெயர் மாறாது, உள்ளிருக்கும் மதிப்பு மாறும். ஆதலின் மாறி என்னும் பெயர் பொருத்தமுடையதே. மாறி ஒரு பெட்டி. மதிப்பு அப்பெட்டியுள் இருக்கும் பண்டம் என்று கொண்டால் இதனை மறவாமல் இருக்கலாம்.

பெட்டிக்குப் பெயரிடுவதிலும் கருத்து வேண்டும். மொத்தத்தை வைக்கும் பெட்டிக்கு ‘மொத்தம்’ என்றும், புள்ளிகளை வைக்கும் பெட்டிக்குப் ‘புள்ளி’ என்றும் பெயரிடல் நன்று. ‘அ’ என்றும் ‘ஆ’ என்றும் பெயரிட்டு வைப்பவர், சீட்டு ஒட்டாத மருந்துப் புட்டிகளை அடுக்கி வைத்தவரைப் போலப் பின்னர் இடர்ப்படுவர். ஸ்கிராச்சில் மாறியின் பெயரைத் தமிழிலேயே எழுதலாம் என்பது நமக்கு ஒரு வசதி.

பெயரிடும்போதே கணினி நம்மை ஒரு வினா வினவும். இம்மாறி மேடையில் உள்ள எல்லா உருவங்களுக்கும் உரியதா, இந்த ஓர் உருவத்திற்கு மட்டும் உரியதா என்பதே அவ்வினா. முன்னது ஊர்ப் பொதுக்கிணறு போன்றது. எவரும் வந்து நீர் இறைக்கலாம். பின்னது வீட்டுக் கிணறு போன்றது. உரியவர் மட்டுமே அதனைக் கையாள்வர். ஆட்டத்தின் புள்ளிகள் பொதுவில் இருத்தல் தகும். ஓர் உருவத்தின் விரைவு அதன் சொந்தப் பெட்டியில் இருத்தலே தகும். எல்லாவற்றையும் பொதுவில் வைத்தால், எவ்வுருவம் எப்போது மதிப்பை மாற்றிற்று என்று கண்டறிவது அரிதாகிவிடும்.

பெட்டியுள் மதிப்பை இடுவதற்கு இரண்டு கட்டளைகள் உள்ளன. ‘இம்மாறியை இவ்வளவாக ஆக்கு’ என்பது ஒன்று. ‘இம்மாறியோடு இவ்வளவு கூட்டு’ என்பது மற்றொன்று. இவ்விரண்டின் வேறுபாட்டை மாணவர் தெளிவாக அறிதல் வேண்டும். புள்ளி என்னும் பெட்டியில் 7 இருக்கிறது என்று கொள்வோம். ‘1 ஆக ஆக்கு’ என்றால், 7 அழிந்து 1 நிற்கும். ‘1 கூட்டு’ என்றால், 8 நிற்கும். முன்னது கரும்பலகையைத் துடைத்துவிட்டுப் புதிதாக எழுதுவது போன்றது. துடைக்கப்பெற்ற மதிப்பின் சுவடும் எஞ்சாது. பின்னது உண்டியலில் காசு இடுவது போன்றது. முன்பு இருந்ததோடு புதியதும் சேரும்.

பல மதிப்புகளை வரிசையாக வைக்க வேண்டுமாயின் ‘பட்டியல்’ என்னும் அமைப்பினைப் பயன்படுத்த வேண்டும். மாறி ஒரு பெட்டி என்றால், பட்டியல் பல தட்டுகள் கொண்ட ஓர் அலமாரி எனலாம். முதல் தட்டுக்கு 1, இரண்டாம் தட்டுக்கு 2 என்று எண்கள் வரிசையாக அமையும். பட்டியலின் பெயரையும் தட்டின் எண்ணையும் கூறினால், அத்தட்டில் உள்ள மதிப்பு நமக்குக் கிடைக்கும். இல்லாத தட்டின் எண்ணைக் கூறினால், கணினி ‘அப்படி ஒன்று இல்லை’ என்று மறுத்துரைப்பதில்லை. வெறுமையை எடுத்துத் தந்துவிட்டு மேலே செல்லும். இதனை மாணவர் நினைவிற் கொள்க, பின்னர்ப் பயன்படும்.

வைத்தலைப் பற்றிக் கண்டோம். இனிப் பார்த்தலைப் பற்றிக் காண்போம். மாறியின் பெயருக்கு அருகில் ஒரு சிறு கட்டம் உண்டு. அதில் குறியிட்டால், அம்மாறியின் பெயரும் மதிப்பும் மேடையின்மீது தோன்றும். நிரல் ஓடும்போது மதிப்பு மாறுவதை நாம் கண்ணாரக் காணலாம். பெயரோடு கூடிய சிறு வடிவம், பெயரின்றி மதிப்பை மட்டும் பெரிதாகக் காட்டும் வடிவம், கையால் நகர்த்தி மதிப்பை மாற்றத்தக்க வடிவம் என அக்காட்சி மூவகைப்படும். பட்டியலுக்கும் இவ்வாறே குறியிடலாம். அதன் உறுப்புகள் எண்ணோடு வரிசையாகத் தோன்றும். நீளமும் அடியில் காட்டப்பெறும். குறியிடாத மாறியின் மதிப்பை அறிய விரும்பினால், நிரல் எழுதும் பகுதியில் அதற்குரிய கட்டையின்மீது சொடுக்கினாலே போதும். சிறு குமிழி ஒன்றில் மதிப்பு தோன்றும். கணினியின் விரைவு நம் கண்ணுக்கு எட்டாதபோது, ‘ஒரு வினாடி பொறு’ என்னும் கட்டையை இடையில் செருகினால், ஒவ்வோர் அடியையும் நின்று நோக்கலாம்.

இவ்வாறு பார்ப்பதால் விளையும் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம்.

மாணவி ஒருத்தி ஐந்து பாடங்களில் பெற்ற மதிப்பெண்களின் சராசரியைக் காண ஒரு நிரல் அமைக்கின்றாள் என்று கொள்வோம். ‘மதிப்பெண்கள்’ என்னும் பட்டியலில் 72, 65, 80, 58, 75 என்னும் ஐந்தும் உள்ளன. ‘வரிசை’, ‘மொத்தம்’, ‘சராசரி’ என மூன்று மாறிகளை அவள் அமைக்கின்றாள். வரிசையோடு 1 கூட்டு. பட்டியலில் அவ்வரிசை எண்ணுக்குரிய மதிப்பெண்ணை எடுத்து மொத்தத்தோடு கூட்டு. இவ்விரண்டையும் ஐந்து முறை செய். பின்னர்ச் சராசரியை மொத்தத்தின் ஐந்தில் ஒரு பங்காக ஆக்கு. இதுவே அவள் அமைத்த நிரல். புதிதாக அமைத்த மாறிகளில் தொடக்கத்தில் 0 இருக்கும். ஆதலின், நிரலை ஓட்டியவுடன் மொத்தம் 350 என்றும், சராசரி 70 என்றும் விடை வருகின்றது. விடை சரியே. ஐயம் தீர்வதற்காக மீண்டும் ஒருமுறை ஓட்டுகின்றாள். அப்போதும் 70 என்றே வருகின்றது. நிரல் பிழையற்றது என்று அவள் மகிழ்கின்றாள்.

மறுநாள், நான்காம் பாடத்தின் மதிப்பெண் 58 அன்று, 68 என்று திருத்தப்பெறுகின்றது. அவளும் பட்டியலில் 58ஐ 68 ஆக மாற்றி, நிரலை ஓட்டுகின்றாள். மதிப்பெண் பத்து மிகுந்ததால் சராசரி 72 ஆக வேண்டும். ஆனால், கணினியோ 70 என்றே கூறுகின்றது! நேற்று இரண்டு முறை சரியான விடை கூறிய நிரல் இன்று ஏன் பொய்க்கின்றது?

இந்நிலையில் இரண்டு வழிகள் உள்ளன. கணினி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவதும், இக்கட்டையை எடுத்து அங்கே வைத்தும் அக்கட்டையை எடுத்து இங்கே வைத்தும் குருடன் கோல் வீசுவதுபோல முயல்வதும் ஒரு வழி. பெட்டிகளைத் திறந்து பார்ப்பது மற்றொரு வழி. நம் மாணவி இரண்டாம் வழியைக் கொள்கின்றாள். மூன்று மாறிகளுக்கும் குறியிடுகின்றாள். மேடையில் அவற்றின் மதிப்புகள் தோன்றுகின்றன. ஐந்து பாடங்களே உள்ள பட்டியலில், வரிசை என்னும் மாறி 15 என்று காட்டுகின்றது! பிழையின் ஊற்றுக்கண் அங்கே வெளிப்படுகின்றது.

நிகழ்ந்தது இதுதான். நிரல் நின்றுவிட்டாலும் மாறியின் மதிப்பு அழிவதில்லை. பச்சைக் கொடியை மீண்டும் சொடுக்கினாலும் அது தானே சுழியமாகிவிடுவதில்லை. முதல் ஓட்டத்தின் முடிவில் வரிசை 5இல் நின்றது. இரண்டாம் ஓட்டம் 6இல் தொடங்கி 10இல் முடிந்தது. பட்டியலில் ஆறாம் உறுப்பு முதலியன இல்லை. ஆதலின் ஐந்து முறையும் வெறுமையே கிடைத்தது. கூட்டலில் வெறுமை சுழியமாகும். எனவே, மொத்தம் பழைய 350 ஆகவே நின்றது. இரண்டாம் முறை வந்த 70 என்னும் விடை கணக்கிட்டு வந்த விடை அன்று. முதல் நாளின் எச்சமே ஆகும். மூன்றாம் ஓட்டத்திலும் அதுவே நிகழ்ந்தது.

மாணவி நிரலின் தொடக்கத்தில் ‘வரிசையை 0 ஆக ஆக்கு’ என்னும் கட்டையைச் சேர்த்து மீண்டும் ஓட்டுகின்றாள். இப்போது சராசரி 142 என்று வருகின்றது! ஒவ்வொரு பாடத்திற்கும் 100 மதிப்பெண்ணே உச்ச வரம்பு ஆகும்போது, சராசரி 142 ஆவது எங்ஙனம்? அவள் அஞ்சவில்லை. ‘ஒரு வினாடி பொறு’ என்னும் கட்டையை இடையில் வைத்து ஓட்டிப் பார்க்க எண்ணுகின்றாள். ஓட்டுமுன் மொத்தம் என்னும் பெட்டியை நோக்கினால், அதில் 710 நிற்கின்றது. புதிய மதிப்பெண்களின் கூட்டுத்தொகை 360தான். மிகுந்து நிற்கும் 350 பழைய ஓட்டத்தின் தொகை. பழைய தொகையின் மேலேயே புதிய தொகை ஏறியிருக்கின்றது என்பது விளங்குகின்றது. ‘மொத்தத்தை 0 ஆக ஆக்கு’ என்னும் கட்டையையும் தொடக்கத்தில் சேர்க்கின்றாள். இம்முறை மொத்தம் 72, 137, 217, 285, 360 என அடியடியாக ஏறுவதைக் காண்கின்றாள். சராசரி 72. எத்தனை முறை ஓட்டினும் விடை மாறவில்லை.

இந்நிகழ்ச்சியில் நுட்பமான உண்மை ஒன்று அடங்கியிருக்கின்றது. முதல் நிரலில் பிழைகள் இரண்டு இருந்தன. ஒரு பிழை மற்றொரு பிழையை மறைத்து நின்றது. அதனால் விடை சரியாகத் தோன்றிற்று. விடை சரியாக இருப்பதனாலேயே வழியும் சரியானது என்று துணிதல் தகாது என்பதை இது காட்டுகின்றது. கணக்கின் முடிவை மட்டும் பாராமல், இடையில் வரும் மதிப்புகளையும் பார்க்க வேண்டும் என்று கணக்கு ஆசிரியர் வற்புறுத்துவதன் காரணமும் இதுவே. பிழை ஒன்றைத் திருத்தியபோது விடை முன்னிலும் மோசமாயிற்று என்பதையும் நோக்குக. அப்போது மனம் தளர்ந்து திருத்தத்தைக் கைவிட்டிருந்தால், மாணவி உண்மையை அடைந்திருக்க மாட்டாள்.

மதிப்பின் வகையையும் பார்த்தல் வேண்டும். ஸ்கிராச்சின் பெட்டி எண்ணையும் ஏற்கும், எழுத்தையும் ஏற்கும். 5ஐயும் 3ஐயும் கூட்டினால் 8. ‘சேர்’ என்னும் கட்டையால் ஒட்டினால் 53. பட்டியலில் 72 என்று இலக்கத்தால் எழுதாமல் ‘எழுபத்திரண்டு’ என்று எழுத்தால் எழுதினால், கூட்டும்போது கணினி அதனைச் சுழியமாகவே கொள்ளும். ௭௨ என்று தமிழ் இலக்கத்தால் எழுதினாலும் அதே நிலைதான். நம் கண்ணுக்கு எண்ணாகத் தோன்றுவது கணினிக்கு எண் ஆகாமற் போகலாம். தவறு நேர்ந்தது என்று அது நமக்கு எடுத்துரைக்காது. நாமே பார்த்து அறிதல் வேண்டும்.

ஒரு மாணவியின் சராசரிக் கணக்கில் நேரும் பிழையை எளிதில் திருத்திக்கொள்ளலாம். பெரும்பணிகளில் நேரும் பிழை அத்தகையது அன்று. 1996ஆம் ஆண்டு சூன் 4ஆம் நாள், ஐரோப்பிய நாடுகள் கூடி அமைத்த ஏரியேன் 5 என்னும் ஏவூர்தி, தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவின் கூரு ஏவுதளத்திலிருந்து முதன்முறையாக விண்ணில் ஏவப்பெற்றது. ஏறத்தாழ 40 வினாடிகளில் அது வழி விலகி, வானிலேயே வெடித்துச் சிதறியது. அதில் மனிதர் எவரும் இல்லை. எனினும், நான்கு ஆராய்ச்சித் துணைக்கோள்கள் அதனோடு அழிந்தன. காரணம் யாது? ஏவூர்தியின் கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய ஒரு மதிப்பு 64 பிட் கொண்ட பேரிடத்தில் இருந்தது. அதனை 16 பிட் கொண்ட சிற்றிடத்திற்கு மாற்றும்படி நிரல் எழுதப்பெற்றிருந்தது. அச்சிற்றிடத்தில் அடங்கத்தக்க மிகப் பெரிய எண் 32,767 ஆகும். வந்த மதிப்போ அதனினும் பெரிது. உழக்கில் மரக்கால் நெல்லைக் கொட்டியது போலாயிற்று. வழிகாட்டும் கருவி செயலற்றது, ஏவூர்தி அழிந்தது.

இதிலும் வியத்தகு செய்தி ஒன்று உண்டு. அந்நிரற்பகுதி முந்தைய ஏரியேன் 4 ஏவூர்தியில் குறைவின்றிப் பணியாற்றியதே ஆகும். அதன் செலவு வேறு வகையானது. ஆதலின், அம்மதிப்பு எல்லை கடக்கவில்லை. புதிய ஏவூர்தியின் வேகம் மிகுதி. பழைய பெட்டி புதிய பண்டத்திற்குப் போதுமா என்று எவரும் முன்கூட்டியே அளந்து பார்க்கவில்லை. நேற்றுச் சரியாக இருந்தது இன்றும் சரியாகவே இருக்கும் என்னும் நம்பிக்கையே, மாணவியின் சிறு நிரலையும் விண்ணேகிய பேரூர்தியையும் ஒருங்கே வழுவச் செய்தது.

‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பது நம் முன்னோர் பழமொழி. போகும் பொருளுக்கே அளவு வேண்டுமாயின், வைத்துக் காக்கும் பொருளுக்கு அது வேண்டும் என்று கூறவும் வேண்டுமோ? மாணவர்களே, நீங்கள் நிரல் எழுதும்போது பெட்டிக்குப் பொருந்திய பெயர் இடுங்கள். தொடக்க மதிப்பை நீங்களே இடுங்கள். இடையிடையே திறந்து பாருங்கள். ‘இருக்கும்’ என்று எண்ணுவது ஊகம். ‘இருக்கிறது’ என்று கண்டு கூறுவது அறிவு. நம் எண்ணத்திற்கு மாறான மதிப்பு பெட்டியுள் காணப்படுமானால், அதற்காக வருந்த வேண்டுவதில்லை. திருத்த வேண்டிய இடத்தை அது நமக்குக் காட்டிவிட்டது. அதனை ஏற்றுத் திருத்துவதே கற்பவர் கடமையாகும்.

பயிற்சி

1. மாறி, மதிப்பு, பட்டியல் ஆகியவற்றை உவமை கூறி விளக்குக.

2. ‘ஆக்கு’, ‘கூட்டு’ ஆகிய இரு கட்டளைகளுக்கும் உள்ள வேறுபாடு யாது? புள்ளி என்னும் மாறியில் 12 இருக்கும்போது ‘3 ஆக ஆக்கு’, ‘5 கூட்டு’ என்னும் கட்டளைகளை இவ்வரிசையில் இட்டால் முடிவில் நிற்கும் மதிப்பு யாது? வரிசையை மாற்றி இட்டால் யாது?

3. மாணவியின் நிரல் இரண்டாம் முறையும் 70 என்று விடை கூறியது ஏன்?

4. மாணவி மொத்தத்தை மட்டும் தொடக்கத்தில் 0 ஆக்கி, வரிசையை அவ்வாறு ஆக்காமல் விட்டிருந்தால், இரண்டாம் ஓட்டத்தில் சராசரி எவ்வளவு வந்திருக்கும்? காரணம் கூறுக.

5. ஏரியேன் 5 ஏவூர்தி அழிந்த வரலாற்றிலிருந்து நாம் அறியும் உண்மையை ஒரு பத்தியில் எழுதுக.